பிபிசி ரேடியோ 4: காலை நியூஸை விடுங்க, மிச்சத்தைக் கேளுங்க

இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிக்கவோ வந்த நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் சரி, ஆபீஸ்ல ஒரு பெருசு கண்டிப்பா சொல்லியிருக்கும், ரேடியோ 4 கேளுங்க, நாட்டு நடப்பும் புரியும் இங்கிலீஷும் நல்லா வரும்னு. சரியான அட்வைஸ்தான். ஆனா அப்படி சொல்ற பத்துல ஒம்போது பேரு மனசுல வச்சிருக்கிறது காலைல 6 மணிலேந்து 9 மணி வரைக்கும் ஓடுற டுடே நிகழ்ச்சியை. அங்கதான் நான் ஒத்துப் போக மாட்டேன். வருஷக்கணக்கா இந்த ஸ்டேஷன் எங்க வீட்டு கிச்சன்லயும் கார்லயும் ஓடிட்டு இருக்கு, அந்த தைரியத்துல சொல்றேன், இருக்கிறதுலயே சுமாரான சரக்கு அந்த மூணு மணி நேரம்தான். நல்லது எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற, யாரும் பெருசா பேசாத அரை மணி நேர நிகழ்ச்சிகள்ல கிடக்கு.

நம்ம ஊர் தனியார் எஃப்எம் மட்டும் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது என்ன மாதிரி ஸ்டேஷன்னு புரிபடவே கொஞ்ச நாள் ஆகும். பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஆர்ஜே யாரையும் கலாய்க்கிறது கிடையாது. விடியக்காலைலேந்து நடுராத்திரி தாண்டியும் பேச்சுதான். நியூஸ், விவாதம், நாடகம், காமெடி, மருத்துவம், அறிவியல், ரோஜாச் செடிக்கு என்ன உரம் போடணும்ங்கிறது வரைக்கும் பேச்சு. இந்தியாவுல தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி தயாரிச்சு ஒலிபரப்ப அனுமதியே இல்ல, வேணும்னா ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம், அவ்ளோதான். அதனால நாட்டு நடப்பைப் பேசுற ரேடியோங்கிறதே நம்ம தலைமுறைக்குப் பழக்கம் விட்டுப் போச்சு. பழக்கம் இருந்தவங்க எல்லாம் சரோஜ் நாராயண்சுவாமி குரல்ல டெல்லி செய்தி கேட்டவங்க, இல்லன்னா சிற்றலைல முள்ளைத் திருகித் திருகி பிபிசி தமிழோசை பிடிச்சவங்க. யுத்த காலத்துல இலங்கைத் தமிழர் வீடுகள்ல தமிழோசை எவ்ளோ முக்கியமா இருந்துச்சுன்னு அந்த ஊர்க்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 1941 மே மாசம் ஆரம்பிச்ச அந்த ரேடியோ ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஓட நின்னு போச்சு, இப்போ இணையதளம் மாதிரி மத்த வழிகள்ல மட்டும் இருக்கு. ரேடியோ 4 அதே பிபிசி உள்ளூர் மக்களுக்காக இங்கிலீஷ்ல நடத்துறது. 1967 செப்டம்பர் 30லேந்து இந்தப் பேரு, அதுக்கு முன்னாடி ஹோம் சர்வீஸ்னு இருந்துச்சு.

டுடே நிகழ்ச்சி 1957லேந்து வருது, அதாவது ஸ்டேஷன் பேரை விட இதுக்கு வயசு ஜாஸ்தி. இதுல ஒவ்வொரு மணிக்கும் முன்னாடி ஆறு பீப் சத்தம் வரும், அஞ்சு குட்டி, கடைசி ஒண்ணு நீளம், அந்த நீள சத்தம் தொடங்குற நொடிதான் கரெக்ட் டைம். 1924லேந்து பிபிசில இருக்கிற வழக்கம் இது. ஆனா டிஜிட்டல் ரேடியோலயோ ஆப்லயோ கேட்டா எல்லாமே சில நொடி லேட்டாத்தான் வந்து சேரும், அதனால அதை நம்பி வாட்சை சரி பண்ணாதீங்க, அதுக்கு பழைய எஃப்எம்தான் லாயக்கு. எங்க வீட்டுல கிச்சன்ல டிஜிட்டல் செட்டு, பெட்ரூம்ல எஃப்எம் செட்டு, ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டா அமைச்சர் பெட்ரூம்ல மழுப்பினதையே கிச்சன்ல இன்னொரு தடவை மழுப்புவாரு.

மழுப்பல்னு சும்மா சொல்லல. 8.10 வாக்குல வர்ற பேட்டிதான் அன்னிக்கு மெயின் ஐட்டம். யாராவது ஒரு அமைச்சர் மாட்டுவாரு. ஆமாவா இல்லையான்னு ஒரு கேள்வி. அவரு மக்கள் எங்க கிட்ட எதிர்பார்க்கிறது என்னன்னான்னு ஆரம்பிப்பாரு. அதே கேள்வி மறுபடியும். அதே மக்கள் மறுபடியும். மூணாவது தடவை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, நமக்கு யாரு சொல்றதும் கேக்காது, டோஸ்ட் கருகிடும். இதைக் கேட்டு முடிச்சா ஒரு தகவல் மிஞ்சாது, எரிச்சல் மட்டும் மிஞ்சும். ஒரு காலத்துல இந்த மாதிரி மடக்குற பேட்டிக்கு மதிப்பு இருந்திருக்கும், இப்போ வர்றவங்க எல்லாம் எப்படி நழுவணும்னு ட்ரெயினிங் எடுத்துட்டுதான் வர்றாங்க, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து.

அதுக்காக அந்த நிகழ்ச்சிக்கு வெயிட்டே இல்லன்னு சொல்ல முடியாது. 2003 மே 29 காலைல 6.07க்கு, ஈராக் ஆயுதங்கள் பத்தின அரசாங்க அறிக்கையை ஊதிப் பெருசாக்கியிருக்காங்கன்னு ஒரு நிருபர் லைவ்ல சொன்னது இதே டுடேலதான். பாதி நாடு தூங்கிட்டு இருந்த நேரம் அது. அந்த விவகாரத்துல அவருக்குத் தகவல் சொன்னவர்னு பேரு வெளிய வந்த ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி இறந்து போனாரு, நீதிபதி ஹட்டன் தலைமைல விசாரணை நடந்துச்சு, 2004 ஜனவரில பிபிசியோட தலைவர், டைரக்டர் ஜெனரல் ரெண்டு பேருமே பதவியை விட்டுப் போனாங்க. சில நிமிஷ பேச்சுக்கு இவ்ளோ விளைவு.

ஆனா என் பிரச்சனை வேற. அரசியலுக்குப் பழகின ஆளுங்க அதே முறைல அறிவியலைத் தொட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2017 ஆகஸ்ட் நல்ல உதாரணம். பருவநிலை மாற்றம் பத்தி அமெரிக்க முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் பேசினாரு, அதுக்கு பதில் சொல்ல முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசனைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அவரு கடந்த பத்து வருஷத்துல உலக வெப்பநிலை லேசா குறைஞ்சிருக்குன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாரு. தப்பான தகவல். அங்கேயே நிறுத்தி, எந்த அளவுப்படி சார்னு யாரும் பிடிக்கல. 2018ல ஆஃப்காம், அதான் இந்த ஊர் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, இது விதிமீறல்னு தீர்ப்பே சொல்லிடுச்சு. இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர்ங்கிற ஃபார்முலா பட்ஜெட்டுக்கு ஓகே, தெர்மாமீட்டருக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்?

இதுல வேடிக்கை என்னன்னா அதே ஸ்டேஷன், சில மணி நேரம் கழிச்சு வர்ற நிகழ்ச்சி, அங்க இந்த மாதிரி பேச்சு எல்லாம் ஒரு நிமிஷம் கூட நிக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் 4.30க்கு இன்சைட் சயின்ஸ்னு ஒண்ணு. புது ஆராய்ச்சி வந்தா அதை செஞ்சவங்களையே கூப்பிட்டு, எப்படி அளந்தீங்க, எத்தனை பேரு கிட்ட பாத்தீங்க, வேற காரணமா இருக்கலாமேன்னு நிதானமா கேப்பாங்க. யாரும் யாரையும் மடக்க மாட்டாங்க, ஆனா கடைசில நமக்கு விஷயம் தெரிஞ்சிடும். செவ்வாய்க்கிழமை 9 மணிக்கு தி லைஃப் சயின்டிஃபிக். 2011லேந்து ஜிம் அல்-கலீலி நடத்துறாரு, பாக்தாத்ல பொறந்த குவாண்டம் இயற்பியல் பேராசிரியர், அவரே விஞ்ஞானிங்கிறதால வர்றவங்க கிட்ட அசட்டுத்தனமா கேள்வி வராது. எப்படி இந்தத் துறைக்கு வந்தீங்க, எது வேலை செய்யல, யாரு நம்பல, இப்படிப் போகும் பேச்சு. பிள்ளைங்க பன்னெண்டாவது முடிச்சு நீட்டா ஜேஇஇயான்னு முழிச்சிட்டு இருக்கிற வீடுகள்ல இதைப் போட்டு விடலாம், அறிவியல் வேலைன்னா டாக்டர் இஞ்சினியர் மட்டும் இல்லன்னு காதுல விழும்.

வியாழன் காலை இன் அவர் டைம், அது இன்னொரு லெவல். மூணு பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, முக்கால் மணி நேரம். மெல்வின் பிராக் 1998ல ஆரம்பிச்சு 2025ல விலகுற வரைக்கும் அவருதான் நடத்தினாரு, இப்போ மிஷா கிளென்னி. பிளாங்க்டன் பத்தி ஒரு எபிசோட், அதாங்க கடல்ல மிதக்கிற, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் பாசியும். முக்கால் மணி நேரம் அதுல என்ன இருக்கப் போகுதுன்னுதான் தோணும், கேட்டு முடிச்சா நாம விடுற மூச்சுலேந்து தட்டுல விழுற வஞ்சிரம் வரைக்கும் அதுக்குக் கடன்பட்டிருக்கோம்னு புரியும். பிராக் பேராசிரியர்களை வழவழன்னு பேச விட மாட்டாரு, பாயிண்டுக்கு வாங்கன்னு அவசரப்படுத்துவாரு, எனக்கு அது பிடிக்கும். இயற்பியல்காரர் பிரையன் காக்ஸும் காமெடியன் ராபின் இன்ஸும் 2009ல தொடங்கின இன்ஃபினிட் மங்கி கேஜ் ரொம்ப ஃபேமஸ், ஆனா எனக்கு செட் ஆகல. ஜோக்குக்கும் அறிவியலுக்கும் நடுவுல எதுக்கு வந்தோம்னு மறந்துடுறாங்க, கூட்டம் வேற எல்லாத்துக்கும் சிரிக்குது.

இப்போ என் ஃபேவரிட். மோர் ஆர் லெஸ். 2001லேந்து வருது, ரொம்ப வருஷமா டிம் ஹார்ஃபோர்ட்ங்கிற பொருளாதாரக்காரர் நடத்துறாரு. வேலை ஒண்ணே ஒண்ணுதான், அந்த வாரம் நியூஸ்லயும் அரசியல்வாதி வாயிலயும் வந்த நம்பர்களைப் பிரிச்சு மேயறது. இது பெரிய நம்பரா? எதோட ஒப்பிட்டா பெருசு? எங்கேந்து வந்துச்சு? இந்த மூணு கேள்வி மண்டைல ஏறிடுச்சுன்னா போதும், அதுக்கப்புறம் வாட்ஸ்ஆப் ஃபார்வர்ட் உங்களை ஒண்ணும் பண்ணாது. எங்க அம்மா ஊர்லேந்து போன் பண்ணி, ஏண்டி, பிள்ளைக்கு ஸ்கூல்ல சாசேஜ் எல்லாம் குடுக்கறாங்களாமே, அது சிகரெட் மாதிரியாம்ல, உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாம்னு பதறினாங்க. 2015ல வந்த விஷயம், இன்னும் சுத்திட்டு இருக்கு. பதப்படுத்தின இறைச்சியை புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல, புகையிலை இருக்கிற அதே பட்டியல்ல சேர்த்தது நிஜம். ஆனா அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்ளோ உறுதின்னு சொல்லுது, ஆபத்து எவ்ளோ பெருசுன்னு சொல்லல. அப்போ வந்த தலைப்புச் செய்தி, தினமும் 50 கிராம் சாப்பிட்டா குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும்னு. படிக்கிறவங்க நூறுல 18 பேருக்கு வரும்னு எடுத்துக்கிட்டாங்க. இந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி வர்ற புள்ளியியல் பேராசிரியர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் இதை ரொம்ப எளிமையா பிரிச்சுக் காட்டினாரு. இந்த ஊர்ல சாதாரணமா நூறு பேர்ல சுமார் 6 பேருக்கு வாழ்நாள்ல குடல் புற்றுநோய் வருது. அந்த நூறு பேரும் ஆயுசு முழுக்க தினமும் 50 கிராம் பேக்கன், அதான் பதப்படுத்தின பன்னிக்கறி, சாப்பிட்டா 6ங்கிறது 7 ஆகும். ஆறுல 18 சதவீதம்னா ஒண்ணு, அவ்ளோதானே. அந்த ஒருத்தருக்கு அது பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா வாரத்துல ஒரு நாள் ஸ்கூல்ல சாசேஜ் திங்கிற பிள்ளைக்காக பாட்டி தூக்கத்தைக் கெடுத்துக்கத் தேவையில்ல. அம்மா கிட்ட இதைச் சொன்னதுக்கு, எதுக்கும் குடுக்காதேன்னாங்க. சரி, கணக்குக்கு ஒரு எல்லை இருக்கு.

உடம்பு மனசு பத்தின நிகழ்ச்சிகள் பக்கம் வருவோம். ஆல் இன் த மைண்ட் 1988லேந்து ஓடுது, கிளாடியா ஹேமண்ட் ரொம்ப காலமா நடத்துறாங்க, மனசு பத்தி பேசுறதுல இந்த அளவு பதட்டம் இல்லாத நிகழ்ச்சி நான் வேற கேட்டதில்ல. மோட்டிவேஷன் பேச்சாளர் வாசனையே அடிக்காது. 2018ல இவங்க தனிமை பத்தி ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, 55,000 பேரு கிட்ட பதில் வந்துச்சு. எல்லாரும் வயசானவங்கதான் தனிமைல வாடுறாங்கன்னு நினைப்போம்ல, முடிவு அப்படி வரல. 16லேந்து 24 வயசு உள்ளவங்கள்ல 40 சதவீதம் பேரு அடிக்கடி தனிமையா உணர்றதா சொன்னாங்க, 75 தாண்டினவங்கள்ல 27 சதவீதம்தான். ஆன்லைன்ல தானா வந்து நிரப்பினவங்க பதில் இது, அதனால நாடு முழுக்க இதே கணக்குன்னு சொல்ல முடியாது, அது தனி. ஆனா மாஸ்டர்ஸ் படிக்க இங்க வந்து ஷேரிங் ரூம்ல ஒத்தையா உக்காந்து மேகி கிண்டிட்டு, வீட்டுக்கு வீடியோ கால்ல சூப்பரா இருக்கேம்மான்னு சொல்ற பசங்களைப் பாத்தவங்களுக்கு அந்த 40 ஆச்சரியமா இருக்காது. அதுக்கு முன்னாடி ஓய்வு பத்தி ஒண்ணு எடுத்தாங்க, 134 நாடு, 18,000 பேருக்கு மேல. எது உங்களுக்கு ஓய்வுன்னு கேட்டதுல முதல் இடம் புத்தகம் படிக்கிறது, அடுத்து மரம் செடி கொடி பக்கம் போறது, மூணாவது தனியா இருக்கிறது. தனிமை ஒரு சர்வேல வியாதி, இன்னொண்ணுல மருந்து. நாமளா எடுத்துக்கிட்ட தனிமையா, வந்து மாட்டிக்கிட்டதாங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

மைக்கேல் மோஸ்லியோட ஜஸ்ட் ஒன் திங் பத்தி சொல்லாம விட முடியாது. 2021ல ஆரம்பிச்சது, கால் மணி நேரம், ஒரு எபிசோடுக்கு ஒரே ஒரு பழக்கம். டாக்டருக்குப் படிச்சுட்டு டிவிக்கு வந்தவரு, பேச்சு பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணில குளிங்க, பீட்ரூட் சாப்பிடுங்க, காலை வெளிச்சத்துல நடங்க, மெதுவா மூச்சு விடுங்க, பாட்டுப் பாடுங்க. அவரு பல்லு தேய்க்கும்போது ஒத்தக்கால்ல நிப்பேன்னு சொல்லப் போய் எங்க வீட்டுல ரெண்டு பேரு அதை ஆரம்பிச்சாங்க, வாஷ்பேசினைப் பிடிச்சிட்டு, பேஸ்ட் நுரையோட, கொக்கு மாதிரி. பிள்ளை அசையாம நிக்குது, வீட்டுக்காரர் எட்டு எண்றதுக்குள்ள கண்ணாடில மோதுறாரு. கண்ணை மூடிட்டு நின்னு பாருங்க, இன்னும் மோசம், ஏன்னா பேலன்ஸுக்கு உள்காது, பாதம், கண்ணு மூணும் சேர்ந்து வேலை செய்யுது, ஒண்ணைப் பிடுங்கிட்டா மிச்சம் ரெண்டும் தடுமாறும்.

இதுக்கு 2022ல பிரேசில்லேந்து வந்த ஒரு ஆராய்ச்சி வேற இருக்கு, 51லேந்து 75 வயசு வரைக்கும் 1,702 பேரைப் பாத்தாங்க, 10 நொடி ஒத்தக்கால்ல நிக்க முடியாதவங்க அடுத்த சில வருஷத்துல இறந்து போற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா இருந்துச்சு. ஆனா மோர் ஆர் லெஸ் காதோட கேட்டா உடனே இடிக்கும். நிக்க முடியாததால செத்தாங்களா, இல்ல சர்க்கரை, முதுமை, ஏற்கனவே இருந்த வியாதியாலதான் நிக்கவே முடியலையா? நின்னு பழகினா ஆயுசு கூடும்னு அந்த ஆராய்ச்சி சொல்லல. விழாம இருக்க உதவும்னா சரி, அதுவே போதாதா. அந்த சீரிஸ்ல என் குறையே இதுதான், எல்லா எபிசோடும் அதே உற்சாகம், எது வலுவான ஆதாரம் எது லேசானதுன்னு குரல்ல தெரியாது. அதோட எல்லா ஒரே ஒரு விஷயத்தையும் ஒரே நாள்ல செஞ்சா வேலைக்கு எப்போ போறது? இருந்தாலும் 2024 ஜூன்ல கிரீஸ்ல சிமி தீவுல வெயில்ல நடந்து போனவரு திரும்பலன்னு செய்தி வந்தப்போ எங்க வீட்டுல சொந்தக்காரர் போன மாதிரிதான் இருந்துச்சு. அடுத்த மாசம் பிபிசி ஒரு நாள் முழுக்க அவரு பேர்ல ஒதுக்கினாங்க.

தூக்கம் வராதவங்களுக்கு இலவச மருந்து ஒண்ணு, நடுராத்திரி தாண்டி வர்ற ஷிப்பிங் ஃபோர்காஸ்ட். பிரிட்டனைச் சுத்தி 31 கடல் பகுதி, ஒவ்வொண்ணுக்கும் காத்து, மழை, எவ்ளோ தூரம் கண்ணுக்குத் தெரியும்னு ஒரே சீரான குரல்ல வாசிப்பாங்க. வைக்கிங், ஃபோர்ட்டீஸ், குரோமார்ட்டி, டாகர்... நம்ம வானொலில மீனவர்களுக்கு வாசிக்கிற எச்சரிக்கை மாதிரிதான், கடலுக்கே போகாத ஜனம் படுத்துட்டே கேக்குது. எனக்கு டாகர் தாண்டினதும் என்ன வரும்னு சரியா நினைவில்ல, அதுக்குள்ள தூங்கிடுவேன்.

குறைகளும் இருக்கு. பேசுறவங்க பாதிப் பேரு ஒரே மாதிரி ஸ்கூல்ல படிச்சவங்க மாதிரியே பேசுவாங்க, காமெடி நிகழ்ச்சில உள்ளூர் அரசியல் ஜோக்கு எல்லாம் நமக்கு ஒரு இழவும் புரியாது. மறு ஒலிபரப்பு ஜாஸ்தி. ராத்திரி 7 மணிக்கு தி ஆர்ச்சர்ஸ், 1951லேந்து தேசிய அளவுல ஓடிட்டு இருக்கிற கிராமத்து சீரியல், ஆரம்பத்துல விவசாயிகளுக்கு சாகுபடி யோசனை சொல்லத்தான் கொண்டு வந்தாங்க, நம்ம வயலும் வாழ்வும் நோக்கம்தான். இப்போ அதுல மாமியார் மருமகள் கதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பிடிச்சவங்க உயிரை விடுவாங்க, நான் அந்த நேரத்துல குக்கர் வைக்கப் போயிடுவேன்.

காசு விஷயம். ரேடியோவுக்கு மட்டும் லைசென்ஸ் 1971லயே எடுத்துட்டாங்க, அதனால டிவி இல்லாத ஸ்டூடண்ட் பசங்க இதை ஓசியாவே கேக்கலாம். டிவி சேனலை லைவா பாத்தாலோ பிபிசியோட ஐபிளேயர் ஆப்ல வீடியோ பாத்தாலோ லைசென்ஸ் கட்டித்தான் ஆகணும், 2025 ஏப்ரல்ல அது வருஷத்துக்கு 174.50 பவுண்டா இருந்துச்சு, ரேடியோ 4க்கும் பணம் அதுலேந்துதான் போகுது. இங்கிலாந்துக்குள்ள இருக்கிறவங்க பிபிசி சவுண்ட்ஸ் ஆப் போட்டுக்கோங்க, பழைய எபிசோடுகள் குவியலா கிடக்கு, இன் அவர் டைம் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. சென்னைலயோ கொழும்புலயோ இருந்தா அந்த ஆப் வேலைக்கு ஆகாது, 2025ல வெளிநாட்டுக்கு மூடிட்டாங்க, பிபிசியோட பொது ஆப், இணையதளம் வழியா ரேடியோ 4 லைவ் கேக்கலாம். இங்க வெயில் காலத்துல நாலரை மணி நேரமும் குளிர் காலத்துல அஞ்சரை மணி நேரமும் கூட்டிக்கோங்க, செவ்வாய்க்கிழமை ஜிம் அல்-கலீலி உங்களுக்கு மதியம் ஒண்ணரைக்கோ ரெண்டரைக்கோ வருவாரு. லைவ் பிடிக்க முடியலன்னா மோர் ஆர் லெஸ்ஸும் ஆல் இன் த மைண்டும் பாட்காஸ்ட்டாவே கிடைக்குது, வெளிநாட்டுல கேட்டா நடுவுல விளம்பரம் வரும், தள்ளி விட்டுட்டுக் கேளுங்க.